இனவெறியை எதிர்க்கிறோம் என்று நாம் செய்கிற தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. சாயா என்று கேட்டாலும் டீ என்று கேட்டாலும் ஒரே கிளாஸில்தான் வரும், பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இரண்டு மொழியும் கலந்துதான் புழங்கும். போன வருடம் நடவு சமயத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து நாற்று நட வந்த நாலைந்து பேர் ரோட்டோரம் நின்று பேப்பர் கப்பில் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தது, உள்ளே இருந்த எங்கள் எல்லார் கையிலும் கண்ணாடி கிளாஸ். தினமும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

இனவெறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் பக்கத்தில் முதலில் வருகிற வார்த்தை, "நம்மளையே பாண்டின்னுதான சொல்றாங்க" என்பது. உண்மைதான். பாண்டிய நாட்டுக்காரன் என்ற பொருளில் இருந்த சொல், தமிழரைக் குறிக்க மலையாளிகள் சொல்வது, இன்றைக்கு அழுக்கன், கூச்சல் போடுகிறவன், நம்பமுடியாதவன் என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயராகிவிட்டது, தமிழ்நாட்டு வண்டி குறுக்கே வந்தால் 'பாண்டி லாரி'. கல்லூரியில் அந்தப் பெயர் எனக்கும் கிடைத்தது, இன்றைக்கும் அதைக் கேட்டால் காது சூடாகும். ஆனால் நாம் செய்கிற முதல் தவறும், என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறும், இங்கேதான் இருக்கிறது. பட்ட அவமானத்தை நற்சான்றிதழ் மாதிரி கையில் வைத்துக்கொள்கிறோம். நானே திட்டு வாங்கியவன், நான் எப்படி அடுத்தவனை மட்டமாக நினைப்பேன் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அதே வாயால்தான் பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்து வந்தவரையும் 'பெங்காலி' என்கிறோம், அல்லது பாலக்காட்டு வழக்கப்படி 'பாய்' என்கிறோம், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 'வடக்கன்' என்கிறோம்.

இப்படி ஒரே பெயரில் எல்லாரையும் அடைப்பது புதிதில்லை, நம் ஆட்களுக்கே நடந்தது. 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. அதற்குப் பிறகு போனவர்களிலும் தமிழரும் தெலுங்கரும் நிறைய, ராமசாமி, முத்துசாமி என்று சாமியில் முடிகிற பெயர்கள் ஏராளம். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அந்த வாலை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று கேலியாகக் கூப்பிட்டார்கள், இன்னொரு பெயர் 'கூலி'. காந்தி அங்கே வக்கீலாகப் போனபோது அவர் 'கூலி பாரிஸ்டர்'. நாம் கும்பிடுகிற ஒரு சொல்லை வசைச்சொல்லாக மாற்ற முடிந்தது என்றால், அந்தச் சொல்லைவிட அதைச் சொன்ன இடமும் சொன்னவரின் கையில் இருந்த அதிகாரமும்தான் அங்கே வேலை செய்திருக்கிறது. 'பாய்' என்றால் சகோதரன்தானே, அதில் என்ன தப்பு என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பக்கத்து வயலில் மூன்று வருடமாக வேலை செய்கிறவருக்கு ஒரு பெயர் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்.

அடுத்த தவறு, இனவெறி எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைத்துப் படிப்பது. இனவெறி என்றதும் நமக்கு இலங்கை ஞாபகம் வரும், நிறவெறி என்றதும் மண்டேலா, அப்புறம் 2020இல் அமெரிக்காவில் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே செத்த ஜார்ஜ் ஃபிளாய்ட். அதையெல்லாம் கட்டாயம் படிக்க வேண்டும். மார்ச் 21ஐ இனப் பாகுபாட்டு ஒழிப்பு நாளாக ஐ.நா. வைத்திருப்பதே, 1960இல் அந்த நாளில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று திணிக்கப்பட்ட பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்ததால்தான். ஆனால் ஷார்ப்வில்லைப் படித்துவிட்டு அட்டப்பாடியைத் தெரியாமல் இருந்தால் படிப்பு பாதியில் நிற்கிறது. 2018 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியிலேயே மது என்ற ஆதிவாசி இளைஞரை, அரிசி திருடினார் என்று சொல்லிக் கையைக் கட்டி அடித்தார்கள், அந்த நிலையில் அவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள், போலீஸ் வண்டியில் போகும்போதே அவர் உயிர் போய்விட்டது.

சாதியும் இனவெறியும் ஒன்றா என்ற கேள்வி இங்கே வந்துவிடும், இதிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. இரண்டும் ஒன்றேதான் என்று அடித்துப் பேசுவது ஒரு தவறு. சாதி என்பது இனப்பிரிவு அல்ல, ஒரே இனத்து மக்களை உள்ளுக்குள்ளே பிரிக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கமாக எழுதிவிட்டார். அதனால் இனவெறிக்கும் சாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று தப்பித்துக்கொள்வது இன்னொரு தவறு. 1965இன் ஐ.நா. உடன்படிக்கை இனப் பாகுபாட்டுக்குச் சொல்கிற விளக்கத்தில் நிறம், தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. இந்தியா அதை 1968இல் ஏற்றுக்கொண்டது, ஆனாலும் 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியை அங்கே பேசக்கூடாது என்று நம் அரசு நின்றது.

இதெல்லாம் மாநாட்டு விவகாரம் என்று தோன்றினால் எங்கள் மாவட்டத்து முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிற கோவிந்தாபுரத்துக்கு வாருங்கள். அங்கே அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் மக்கள், தமிழ்நாட்டில் அருந்ததியர் என்று சொல்கிறவர்கள், தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்கிறார்கள். டீக்கடையில் தங்களுக்குத் தனி கிளாஸ் என்றும் தண்ணீர் பிடிப்பதில்கூடப் பாகுபாடு என்றும் அவர்கள் சொன்னது 2017இல் கேரளம் முழுக்கச் செய்தியானது. மலையாளிக்கு அவர்கள் பாண்டி, சாதித் தமிழனுக்கு அவர்கள் வேறொன்று. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நிறையப் பேர் அதை 'தமிழனுக்கு அநீதி' என்று மட்டும் பேசினார்கள், பொள்ளாச்சிப் பக்கம் கிராமங்களில் அதே மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைப் பேச வாய் வரவில்லை.

நிறத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் நடக்கிறது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது, குழந்தை பிறந்ததும் "கலரு யாரு மாதிரி?" என்று கேட்பது அப்படியே இருக்கிறது. மனிதரில் தனித்தனி இனம் என்பதற்கு உயிரியலில் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டு, ஆகவே இனவெறியும் இல்லை என்று முடிப்பவர்களும் உண்டு. இல்லாத இனத்தின் பெயரால் அடிபட்டவருக்கு வலி இல்லாமல் போய்விடாது.

"நான் எல்லாரையும் மனுஷனாத்தான் பார்க்கிறேன்" என்பது நல்ல மனதோடு சொல்லப்படுகிற தவறு. பார்க்கிறீர்கள், சரி. ஒரே நடவுக்கு ஊர்க்காரருக்கு என்ன கூலி, வந்தவருக்கு என்ன கூலி, மேஸ்திரி அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டிருக்கிறோமா? வாடகைக்கு வீடு கேட்டால் அவர்களுக்கு மட்டும் எதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு? வித்தியாசத்தைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டால் இந்தக் கணக்கும் கண்ணில் படாது.

செயலில் இறங்கும்போது நடக்கிற தவறுகள் இன்னும் கனமானவை, அதில் ஒன்றை நானே செய்தேன். அந்தப் பேப்பர் கப்பைப் பார்த்த அன்றைக்கே கடைக்காரரோடு எல்லார் முன்னாலும் சண்டை போட்டேன், கை நீட்டி அவர்களைக் காட்டிக்காட்டிப் பேசினேன். அவர்கள் பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வரவில்லை, அந்த வாரமே வரவில்லை. பத்து நாள் கழித்து அவர்களில் ஒருவரை மளிகைக் கடையில் பார்த்து, எனக்குத் தெரிந்த இந்தியிலும் அவருக்குத் தெரிந்த மலையாளத்திலுமாகப் பேசினோம். அந்தக் கடைக்காரரின் மச்சினன்தான் இவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார், தங்கியிருக்கிற வீடும் அவருடையது. "நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க, நாங்க எங்க போறது?" என்ற பொருளில்தான் அவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை. முதலில் அவரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் விருப்பத்தைத் தெரிந்துகொண்டு கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம், அல்லது ஒன்றும் பேசாமல் அவர்களோடு போய் நின்று நானும் பேப்பர் கப்பில் குடித்திருக்கலாம்.

போனை எடுத்து வீடியோ எடுப்பதிலும் இதே கதைதான். அடிபடுகிறவர் முகம் தெரிய வீடியோ பரவினால், அவர் ஊரில் அம்மா அதைப் பார்ப்பார். அதைவிட மோசம், எங்கே எப்போது என்று தெரியாமல் பகிர்வது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் சுற்றின, பயந்துபோய் நிறையப் பேர் ரயில் ஏறினார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. பொய் என்று தெரிந்த பிறகு நம் ஆட்கள் பலர் செய்தது என்ன தெரியுமா? "இந்த வடக்கனுங்களால நமக்குக் கெட்ட பேரு" என்று, ஏமாற்றப்பட்ட தொழிலாளிமேலேயே திருப்பினார்கள்.

ஒருநாள் பிரியாணி போட்டு போட்டோ எடுப்பதைவிட உதவுகிற சின்னச் சின்ன வேலைகள் நிறைய இருக்கின்றன. கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு கட்டிய 'அப்னா கர்' விடுதி இருப்பதைச் சொல்லலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் சொந்த ஊர் அட்டையைக் காட்டி இங்கேயும் அரிசி வாங்கலாம், ரேஷன் கடைக்குக் கூடப் போனால் போதும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தை நிரப்பித் தரலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் கஷ்டமானதும் நாம் அதிகமாகத் தவறவிடுவதும் சாட்சி சொல்வதுதான். மது வழக்கில் சாட்சிகள் பலர் பல்டி அடித்தார்கள், அப்படியும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சாதியைச் சொல்லித் திட்டிய வழக்குகளில், 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது பொதுப் பார்வையில் நடந்ததா என்பது முக்கியம், அதாவது பார்த்தவர், கேட்டவர் வேண்டும். 2024 ஜூலையில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் 103ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வருகிறது. அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டுமே, அடிக்கும்போது என்ன சொல்லி அடித்தார்கள் என்று கேட்டவர்தான் அதைச் சொல்ல முடியும். அதனால் கண்ணெதிரே ஏதாவது நடந்தால் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை எது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். வார்த்தை கெட்ட வார்த்தையாக இருந்தாலும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். அடி நடந்துகொண்டிருந்தால் 112. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைக்கு 14566. இலவச சட்ட உதவிக்கு 15100, தொழிலாளி வேறு மாநிலத்துக்காரர் என்பதற்காக அவருக்கு அங்கே உதவி இல்லை என்று மறுக்க முடியாது.