200 கிலோவுக்குள்ள மடக்குற டென்ட் ட்ரெயிலர்: புதுசா செய்றவங்களுக்கு

சின்னப் பிள்ளைகளோட கேம்பிங் போக ஆசைப்படுறவங்க கொழும்புல நிறைய இருக்காங்க, ஆனா நிலத்துல டென்ட் அடிச்சுப் படுக்கிறத நினைச்சாலே வீட்டுல வேணாம் எண்டுதான் சொல்லுவாங்க. அதுவும் நியாயம்தான், நக்கிள்ஸ் மலைப் பக்கம் போனா அட்டை, எங்க போனாலும் ராத்திரி மழை, காலைல பாத்தா மெத்தை நனைஞ்சிருக்கும். நிலத்துல இருந்து ரெண்டரை அடி உயரத்துல படுக்கை இருந்தா இந்தப் பிரச்சினை முக்கால்வாசி போயிரும். அப்படி, காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய் விரிச்சுப் படுக்கிற ஒரு டென்ட் ட்ரெயிலரத்தான் இப்ப செய்யப் போறோம். ஒண்ட மட்டும் மனசுல வைங்க, இந்த வேலைல எத முடிவெடுத்தாலும் எடையப் பாத்துத்தான் எடுக்கணும்.

இரும்பு வாங்கப் போக முந்தி ரெண்டு வேலை இருக்கு. உங்க கார் மனுவல எடுத்து எவ்வளவு இழுக்கலாம் எண்டு பாருங்க. சில சின்ன கார், ஹைப்ரிட் மனுவல்ல இழுக்கவே வேணாம் எண்டு போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா அந்தக் காருக்கு இது சரிவராது, யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. அடுத்தது நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவு, அளவு, லைட் எல்லாம் எப்படி இருக்கணும் எண்டு கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. செஞ்சு முடிச்சிட்டுப் போய் கேட்டா வெட்டித் திருப்பி ஒட்ட வேண்டி வரும்.

அளவு ஆறரை அடி நீளம், நாலு அடி அகலம். மேல் மூடி அதே அளவுல நீளப் பக்கத்துல பிணைச்சல் போட்டு பக்கவாட்டுல விரியும், விரிச்சா ஆறரைக்கு எட்டு அடி படுக்கை, அப்பா அம்மா ரெண்டு பிள்ளைகள் தாராளமா படுக்கலாம். மூடி இடது பக்கம் விரியிற மாதிரி வைங்க, அப்பதான் ரோட்டோரம் நிப்பாட்டினாலும் வாகனம் போற பக்கத்துக்கு நீட்டிக்கொண்டு நிக்காது.

ஃப்ரேமுக்கு 50க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பொக்ஸ் பார், அதாவது உள்ள வெறுமையான இரும்புச் சட்டம். மீட்டருக்கு 3 கிலோ அளவு வரும், நீளப்பக்கம் ரெண்டு, குறுக்க நாலு போட்டா மொத்தம் 26 கிலோதான். 3 மில்லிமீட்டர் போட்டா பலம்தானே எண்டு வெல்டிங் பட்டறைல சொல்லுவாங்க, ஃப்ரேமுக்கு அது தேவையில்ல. இழுக்கிற தண்டுக்கு மட்டும் 75க்கு 50, 3 மில்லிமீட்டர் போடுங்க, அது முன்னால மட்டும் ஒட்டி நிக்கக்கூடாது, உள்ள நடுக் குறுக்குச் சட்டம் வரைக்கும் போகணும், வெளிய நாலு அடி நீட்டினா ரிவர்ஸ் எடுக்கவும் லேசு. தண்டோட மேல் முகத்துலயும் கீழ் முகத்துலயும் ஓட்டை போடாதீங்க, பாரம் விழுறது அங்கதான், போல்ட் வேணுமெண்டா பக்க முகத்துல நடு உயரத்துல போடுங்க. வெல்டிங் இப்பதான் பழகுறவங்க தண்டையும் அச்சையும் நல்ல கைகிட்ட குடுத்திருங்க, மிச்சத்த நீங்க ஒட்டலாம்.

அச்சு, லீஃப் ஸ்ப்ரிங், ஹப் (அச்சு முனைல சில்லு மாட்டுற பகுதி) எல்லாம் கொழும்புல வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைல தேடலாம். ஆட்டோ சில்லு விலை குறைவு எண்டு வாங்காதீங்க, அந்த சின்ன டயர் நீளப் பயணத்துக்கு சரியில்ல. உங்க கார் சில்லே பொருந்துற ஹப் கிடைச்சா ஒரே ஸ்பேர் சில்லு ரெண்டுக்கும் போதும், அதுலயும் ஒரு சில்லோட எடை மிச்சம்.

இப்ப முக்கியமான இடம். அச்ச நடுவுல வைக்காம நடுவுல இருந்து நாலு இஞ்சி பின்னால வச்சு, முழுசா ஒட்டாம புள்ளி புள்ளியா மட்டும் ஒட்டுங்க. பலகை, மூடி, டென்ட் எல்லாம் ஏத்தி சாமானும் வச்ச பிறகு தண்டோட முனைய, காரோட கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டை வச்சு, வீட்டுல எடை பாக்கிற தராசுக்கு மேல வைங்க. மொத்த எடைல பத்துல ஒரு பங்கு அங்க காட்டணும், சாமானோட 250 கிலோ எண்டா 25. அதோட உங்க காரோட கொக்கி தாங்குற அளவையும் தாண்டக்கூடாது. இதவிட நல்லா குறைஞ்சா ட்ரெயிலர் வேகத்துல வால் ஆட்டும், காரையும் சேத்து ஆட்டும், அது உயிர் போற விஷயம். சரியா வந்த பிறகுதான் அச்ச முழுசா ஒட்டணும்.

தரைக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், பெட்டியோட பக்கச்சுவர் ஒரு அடி உயரம், 9 மில்லிமீட்டர் போதும். அதுக்கு மேல கழட்டக்கூடிய படுக்கைப் பலகை, கீழ சாமான். மூடிக்கு 25க்கு 25 பார்ல சட்டம் செஞ்சு 9 மில்லிமீட்டர் பலகை.

பிணைச்சல்லதான் புதுசா செய்றவங்க குழம்புவாங்க. மூடின நேரம் படுக்கைக்கும் மூடிக்கும் நடுவுல மெத்தையும் டென்டும் இருக்க எட்டு இஞ்சி இடைவெளி வேணும், ஆனா விரிச்சா ரெண்டும் ஒரே மட்டத்துல வரணும். வழி என்னெண்டா பிணைச்சலோட ஊசி படுக்கை மட்டத்துல இருந்து சரியா பாதி, அதாவது நாலு இஞ்சி உயரத்துல இருக்கணும். ரெண்டு ஓரத்துலயும் தடிச்ச தகட்டுல பிராக்கெட் செஞ்சு அதுல ஊசிய மாட்டுங்க, படுக்கைக்கு மேல நீட்டுற பகுதிக்கு ஃபோம் சுத்துங்க. மூடின இடைவெளிய மறைக்க சுத்திவர ரெக்சின் மடிப்பு.

அதே ஊசில டென்டோட வளையங்களையும் மாட்டலாம், ஆட்டோ ஹூட் மடியிற மாதிரி மூண்டு வளையம். வளையத்தோட கால் நாலு அடிக்கு கொஞ்சம் குறைவா இருந்தாத்தான் மடிஞ்சு உள்ள அடங்கும், அதால உள்ள இருக்கலாம், நிக்க ஏலாது. படங்கத் தைக்க ஆட்டோ ஹூட் தைக்கிற குஷன் பட்டறைல குடுங்க, அவங்களுக்கு ரெக்சின், கிளிப், சிப் எல்லாம் கைப்பழக்கம். கூரைக்கு பருத்தி கென்வஸ்தான் என்ட விருப்பம், பிளாஸ்டிக் படங்கு எடை குறைவுதான் ஆனா மூச்சுக்காத்து உள்ளயே தண்ணியா நிக்கும், நாலு பேர் படுத்தா காலைல மேல சொட்டும். புதுக் கென்வஸ முதல் தண்ணில நல்லா ஊற வச்சு காய வைங்க, நூல் ஊதி தையல் ஓட்டை அடைபடும். ஜன்னல் ரெண்டு பக்கமும், நுளம்பு வலை கட்டாயம். ஈரத்தோட மடிச்சு வச்சா கொழும்பு வெக்கைல பூஞ்சணம் பிடிச்சிரும், வீட்டுக்கு வந்தவுடன விரிச்சுக் காய வைங்க.

லைட்டுக்கு ஏழு வயர் கேபிள். வழமையான ஏழு ஊசி ப்ளக்ல மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின் லைட், பழுப்பு வலது பின் லைட், நீலம் பின் ஃபொக் லைட், வெள்ளை எர்த். எர்த்த கொக்கி வழியா விடாம தனி வயர்லயே எடுங்க. கொக்கிக்குக் கீழ ரெண்டு சங்கிலி, குறுக்க மாத்தி மாட்டணும், கொக்கி கழண்டாலும் தண்டு ரோட்டுல குத்தாம அதுல தங்கும். கடல் காத்து இரும்ப தின்னும், பொக்ஸ் பார் வாயெல்லாம் அடைச்சு, அடில தண்ணி போக சின்ன ஓட்டை விட்டு, ப்ரைமர் ரெண்டு தடவை அடிங்க.

மூடிய விரிக்க முந்தி சில்லுக்கு கட்டை வச்சு நாலு மூலைலயும் கால் இறக்கணும், இல்லாட்டி இடது பக்கமா சாயும். மூடிக்கு வெளிப்பக்கம் தனியா ஸ்க்ரூ கால் வேணும்.

முதல் பயணத்த நேரா நுவரெலியாவுக்கு வைக்காதீங்க, ட்ரெயிலருக்கு பிரேக் இல்ல, ரம்பொட இறக்கத்துல முழுப் பாரத்தையும் கார் பிரேக்தான் பிடிக்கணும். கிட்ட ஒரு இடத்துக்கு போய், அரை மணித்தியாலத்துல நிப்பாட்டி சில்லு நட்ட திருப்பி இறுக்குங்க, ஹப்ப தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு எண்டா பரவாயில்ல, கை வைக்க ஏலாத சூடெண்டா பேரிங் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கு, அங்கயே லூசாக்கிட்டு போங்க.