மயக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கிறதா? ஐசியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளி உறிஞ்சும்போதும், புரட்டிப் படுக்க வைக்கும்போதும், நெஞ்சுக்குழாயை எடுக்கும்போதும் வலிக்கும். வாயைத் திறந்து சொல்லத்தான் முடியாது.

இதில் ஆகப் பெரிய தவறு, புரோபோஃபாலோ மிடசோலமோ ஓடிக்கொண்டிருந்தால் வலி தெரியாது என்று நம்புவது. இரண்டும் தூங்க வைப்பவை, வலி மருந்துகள் இல்லை. நோயாளி நெளிந்தால் மிடசோலத்தைக் கூட்டுகிறோம். நெளிவது நின்றுவிடும்; வலி அப்படியே இருக்கும். முதலில் ஃபென்டனில், மார்ஃபின் போல வலிக்கான மருந்து, தேவைப்பட்டால் அப்புறம் தூக்க மருந்து என்பதே சரியான வரிசை. கொடுத்த மருந்து வேலை செய்ய நேரமும் விட வேண்டும். நரம்பில் போட்ட ஃபென்டனில் சில நிமிடங்களில் பிடித்துவிடும். மார்ஃபின் முழுதாக வேலை செய்ய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஊசி போட்ட கையோடு டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால் கொடுத்தும் பயனில்லை.

அடுத்தது, மானிட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. காய்ச்சலிலும் ரத்த இழப்பிலும்கூட நாடித்துடிப்பு ஏறும். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு வலித்தாலும் ஏறாமல் போகலாம். எண்கள் மாறினால் நோயாளியைப் போய்ப் பாருங்கள், அவ்வளவுக்குத்தான் அவை உதவும்.

பார்ப்பதற்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாதவரின் வலியை மதிப்பிடும் சிபாட் (CPOT) அளவுகோல் இருக்கிறது. முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது ஆகிய நான்குக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 8, பொதுவாக 3-ஐத் தொட்டால் வலி இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். தசை இறுக்கத்தைத் தூர நின்று கண்ணால் கணிக்க முடியாது. ஓய்வில் இருக்கும்போது கையை மெதுவாக மடக்கி நீட்டினால்தான் தெரியும். ஷிஃப்ட் முடியும்போது ஞாபகத்தில் இருந்து சார்ட்டை நிரப்புவதும் கூடாது. சிகிச்சைக்கு முன், நடக்கும்போது, முடிந்தபின் என மூன்று முறை பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

வெக்குரோனியம், அட்ராக்குரியம் போன்ற தசை தளர்த்தும் மருந்து ஓடினால் இந்த அளவுகோலே செல்லாது. அசையவே முடியாதவருக்கு பூஜ்யம் போடுவதற்கு அர்த்தமில்லை. வலிக்கும் என்றே எடுத்துக்கொண்டு, வலி மருந்தும் போதுமான மயக்கமும் முன்கூட்டியே கொடுங்கள். தலைக்காயம் பட்டவர் முகம் சுளிக்காமல் இருக்கலாம்; சட்டென்று கண் திறப்பது, கண்ணீர், முகம் சிவப்பதைக் கவனியுங்கள்.

வீட்டாரிடமும் கேளுங்கள். பழைய மூட்டுவலியோ முதுகுவலியோ இருந்தால், புரட்டும் முன்பே அதற்கும் சேர்த்து மருந்து பற்றி டாக்டரிடம் பேசிவிடலாம்.