புது ஊரில் வாடகை தலைசுற்றுகிறதா? பெட்டி கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

முன்பின் தெரியாத ஊர் ஒன்றுக்கு வேலைக்காகப் போனபோது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், சம்பளக் கடிதம். புகைப்படத்தில் பளிச்சென்று இருந்த ஒரு வீட்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டேன். நான்காவது மாதமே அந்தப் பகுதி எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. இரவெல்லாம் லாரி சத்தம், காலையில் நகராத சாலை. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வர இரண்டு மாத வாடகையை அபராதமாகக் கட்டினேன். இந்தக் கட்டுரைக்கு நான் கட்டிய பயிற்சிக் கட்டணம் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாள், ஒரு கால்குலேட்டர் போதும். ஸ்ப்ரெட்ஷீட் பழக்கமிருந்தால் இன்னும் வசதி. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் எல்லாத் தொகையையும் 'பங்கு' என்றே சொல்கிறேன். இப்போது மாதம் உங்கள் கையில் வருவது 100 பங்கு.

படி 1: கையில் வருவதை மட்டும் எழுதுங்கள்

புது வேலையில் 30 சதவீதம் கூடுதல் சம்பளம் என்றால் மனம் உடனே 130 என்று கணக்குப் போடும். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக வங்கிக் கணக்கில் விழும் தொகை வேறு. அதுவும் சம்பளம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் இடங்களில், கூடுதலாக வரும் பணத்தில்தான் பெரிய வெட்டு விழும். நம் எடுத்துக்காட்டில் 124 கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு இறுதியில் 'வரலாம்' என்று சொல்லப்படும் போனஸை இதில் சேர்க்காதீர்கள்.

படி 2: விளம்பர வாடகையை முழு வாடகையாக்குங்கள்

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான விலை. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்துமிடம், இணையம், சில இடங்களில் குளிர்காலத்துக்கான சூடேற்றும் செலவு எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். "இப்போது குடியிருப்பவருக்குப் போன மாதம் மின் கட்டணம் எவ்வளவு வந்தது?" என்று நேராகவே கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசும் வீட்டுக்காரரையும் இந்த ஒரு கேள்வியில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

படி 3: இணையத்தில் தெரியும் வாடகையை அப்படியே நம்பாதீர்கள்

தெரியாத ஊரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தகவல் வீட்டுப் பட்டியல் தளங்கள்தான். அவற்றில் ஒரு கோணல் உண்டு. சரியான விலையில் வரும் நல்ல வீடு சீக்கிரமே போய்விடும். விலை அதிகம் வைத்ததும் ஏதோ குறையுள்ளதும் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆக, ஏதோ ஒரு நாளில் பட்டியலைத் திறந்தால் கண்ணில் படுவதில் யாரும் எடுக்காத வீடுகளின் விகிதம் அதிகம். அதைப் பார்த்து 'இந்த ஊரே இப்படித்தான்' என்று மிரள்வது தவறு.

இரண்டு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். தினமும் புதிதாக வரும் வீடுகளை மட்டும் குறித்து வையுங்கள். எவை இரண்டு மூன்று நாளில் காணாமல் போகின்றனவோ, அவற்றின் வாடகைதான் அங்கே உண்மையில் ஓடும் விலைக்கு நெருக்கமானது. பிறகு அவற்றை விலை வரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் வீட்டைப் பாருங்கள். சராசரி வேண்டாம். நான்கு ஆடம்பர வீடுகள் சேர்ந்தால் சராசரி எங்கேயோ போய்விடும்.

பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். வாடகை சுற்றுவட்டாரத்தைவிட மிகக் குறைவு, உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், இன்றே பணம் கட்டினால்தான் கிடைக்கும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அங்கே வீடே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: பயணத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வேலை இடத்துக்கு அருகே ஒரு பகுதி, தொலைவில் ஒரு பகுதி என்று இரண்டை எடுத்துக்கொள்வோம்.

அருகில்: முழு வாடகை 49, பயணச் செலவு 3. ஒரு வழிக்கு 20 நிமிடம்.
தொலைவில்: முழு வாடகை 34, பயணச் செலவு 13. ஒரு வழிக்கு 65 நிமிடம்.

வாடகையை மட்டும் பார்த்தால் தொலைவில் இருப்பது 15 பங்கு மலிவு. பயணத்தைச் சேர்த்தால் மிச்சமாவது வெறும் 5 பங்கு. அந்த 5 பங்குக்காகத் தினம் 90 நிமிடம் கூடுதலாக வழியில் கழிகிறது. மாதம் 22 வேலை நாள் என்றால் 33 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேர வேலைக்குக் கிடைப்பது சுமார் 0.7 பங்கு (124-ஐ 176 மணி நேரத்தால் வகுத்தால் வருவது). வழியில் கழிக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதோ 0.15 பங்கு. அதாவது உங்கள் நேரத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறீர்கள்.

இது எப்போதும் தவறான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்து, படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ போக முடிந்தால் அந்த நேரம் முழு நஷ்டமல்ல. நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டு போவது வேறு கதை. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். போக்குவரத்து எவ்வளவு வேகமானாலும், மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். போகவர இரண்டும் சேர்த்து அந்த ஒரு மணி நேரம். வேகமான சாலை வந்தால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் தள்ளிப் போய்க் குடியேறுகிறோம். உங்கள் கணக்கு இந்த அளவை இரண்டு மடங்காகத் தாண்டினால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

வரைபடச் செயலியில் பயண நேரம் பார்க்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு 'அட, அரை மணி நேரம்தான்' என்று மகிழாதீர்கள். வேலை நாளொன்றில் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தைக் குறிப்பிட்டுத் தேடுங்கள். மாலை திரும்பும் நேரத்துக்கும் தனியாகத் தேடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

படி 5: சதவீதத்தைவிட மிச்சத்தைப் பாருங்கள்

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இயற்கை விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசிப்போரிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1981-இல் அது 30 ஆனது. வருமானம் குறைந்தவர்களுக்காக வகுத்த அளவுகோல் அப்படியே எல்லோர் வாயிலும் பழகிப்போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம், கைக்கு வரும் வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போனால்தான் அதை மிகைச் சுமை என்று வகைப்படுத்துகிறது. வீடும் பயணமும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்லும் அளவுகோலும் உண்டு. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், பயணத்தை மறைக்காததால்.

ஆனால் மாதக் கடைசியில் சதவீதத்தைக் கொண்டு எதையும் வாங்க முடியாது. மிச்சத்தைக் கணக்கிடுங்கள்.

பழைய ஊர்: 100 வருகிறது. வாடகை 25, பயணம் 8, மற்றச் செலவு 45. மிச்சம் 22.
புது ஊர், அருகில்: 124 வருகிறது. வாடகை 49, பயணம் 3, மற்றச் செலவு 48. மிச்சம் 24.
புது ஊர், தொலைவில்: 124 வருகிறது. வாடகை 34, பயணம் 13, மற்றச் செலவு 48. மிச்சம் 29.

கடிதத்தில் 30 சதவீதமாக இருந்த உயர்வு, அருகில் குடியேறினால் 2 பங்காகச் சுருங்கிவிட்டது! இந்த எண்ணை வைத்துக்கொண்டு புது நிறுவனத்திடம் பேசலாம். 'சம்பளம் போதாது' என்பதைவிட 'வீட்டுச் செலவு போக எனக்கு மிஞ்சுவது இவ்வளவுதான்' என்பது எடுபடும். இடமாற்றத்துக்கான உதவித்தொகையோ முதல் மாதத்துக்கான தங்குமிடமோ கேட்டுப் பாருங்கள். சம்பளத்தை உயர்த்தத் தயங்குபவர்கள்கூட ஒருமுறைச் செலவுக்கு ஒப்புக்கொள்வதுண்டு.

படி 6: ஒருமுறைச் செலவை மாதங்களாக மாற்றுங்கள்

சாமான் ஏற்றும் வண்டி, தரகர் கமிஷன், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கட்டும் அந்தச் சில வாரங்கள், புது வீட்டுக்குத் திரைச்சீலையிலிருந்து வாளி வரை. எல்லாம் சேர்த்து 40 பங்கு என்று வையுங்கள். அருகில் குடியேறினால் மாதம் 2 பங்குதான் கூடுதல் மிச்சம், ஆக இந்தச் செலவை மீட்க 20 மாதம். தொலைவில் என்றால் ஆறு மாதத்துக்குள். முன்பணம் திரும்பி வரும் பணம் என்பதால் இதில் சேராது, ஆனாலும் போன அன்றே கையில் இருக்க வேண்டும்.

பணக் கணக்கு தொலைவைக் காட்டுகிறது, நேரக் கணக்கு அருகைக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே எங்காவது ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுவதுதான் அடுத்த வேலை. அதற்கு அந்த ஊரில் விலை ஏன் ஏறுகிறது என்று தெரிய வேண்டும்.

படி 7: விலை எதற்காக என்று கேளுங்கள்

ஒரு பகுதியின் வாடகை என்பது பல பொருள்களைக் கட்டி வைத்த மூட்டையின் விலை. நல்ல பள்ளி, ரயில் நிலையம், கடற்காட்சி, இரவு நேர உணவகங்கள், பெயர் சொன்னால் கிடைக்கும் மதிப்பு. இவற்றில் எதை நீங்கள் பயன்படுத்தப் போகிறீர்கள்? குழந்தை இல்லாதவர் பள்ளிக்காக விலையேறிய தெருவில் குடியிருந்தால், அடுத்தவர் தேவைக்குத் தன் பையிலிருந்து கொடுக்கிறார். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு ரயில் நிலைய அருகாமைக்கான கூடுதல் விலையும் அப்படித்தான். மூட்டையில் உங்களுக்குத் தேவையானதை மட்டும் குறித்துக்கொண்டு, அவை மட்டும் இருக்கும் பகுதி எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது புகழ்பெற்ற பகுதிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும்.

படி 8: வெளியேறும் விலையைக் கணக்கிடுங்கள்

நான் சொல்ல வந்ததே இதுதான். தெரியாத ஊரில் முதல் வீடு மலிவாக இருக்கிறதா என்பதைவிட, எளிதாக விட்டுப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

மாதம் 45 பங்கு வாடகையில் ஒரு வீடு, ஒரு வருடம் கட்டாயம் இருக்க வேண்டும், முன்பே போனால் இரண்டு மாத வாடகை அபராதம். அதே போன்ற இன்னொரு வீடு, மூன்று மாத ஒப்பந்தம், வாடகை மட்டும் பத்து சதவீதம் அதிகம். மூன்று மாதத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 13.5 பங்கு. முதல் வீடு ஒத்துவராமல் போனால் இழப்பது 90 பங்கு. 13.5-ஐ 90-ஆல் வகுத்தால் 0.15. அதாவது உங்கள் தேர்வு தவறாகப் போக நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால், அதிக வாடகை வீடுதான் லாபம். பார்த்தே இராத ஊரில், புகைப்படத்தை வைத்து எடுக்கும் முடிவு நூற்றுக்கு எண்பத்தைந்து சரியாக இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள்: கட்டாயமாக இருக்க வேண்டிய காலம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வீடு வாங்குவதைப் பற்றி இந்தக் கட்டத்தில் நினைக்கவே வேண்டாம். பதிவுச் செலவும் கடன் செலவும் சேர்ந்தால் வெளியேறும் விலை மேலே சொன்னதைப்போலப் பல மடங்கு.

படி 9: குடியிருந்து பாருங்கள்

முதல் சில வாரங்கள் ஓர் அறையிலோ பகிர்ந்த வீட்டிலோ தங்கி, பிடித்திருக்கும் இரண்டு மூன்று பகுதிகளுக்கு நேரில் போங்கள். வேலை நாள் காலையில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்யும்போது ஒருமுறை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, தெருவிளக்கு எரிகிறதா என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் வராது. வீட்டுக்குள் போனதும் ஒவ்வோர் அறையிலும் கைபேசியில் சிக்னல் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நான் அந்த ஐந்து நிமிடம் நின்றிருந்தால் லாரி சத்தம் கேட்டிருக்கும்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் கேட்கும் கேள்வியைக் காலி செய்துவிட்டுப் போகும் குடித்தனக்காரரிடமும் கேளுங்கள். "ஏன் போகிறீர்கள்?" என்று.

அந்த வாரங்களில் சாமான்களை முழுக்கப் பிரிக்காதீர்கள். அன்றாடம் வேண்டியவை ஒரு பெட்டியில், மற்றவை ஒட்டிய நாடாவோடு அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து படி 5-இன் மூன்று வரிகளையும் உங்கள் உண்மைச் செலவுகளோடு மறுபடி எழுதுங்கள். ஊகித்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் எங்கே அதிக இடைவெளி விழுந்திருக்கிறதோ, நீண்ட ஒப்பந்தம் பேச உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டிய பேச்சு அதுதான்.