பூமிக்கு அடிப்பக்கம் எது? தோடம்பழத்தில் காட்டிக்கொடுக்கும் முறை

நாலாம் ஆண்டு படிக்கும் மகள் கேட்டாள்: “அப்பா, பூமி உருண்டை எண்டால் அடியில நிக்கிற ஆக்கள் விழமாட்டினமோ?” விளங்கவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நீங்கள் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம்.

ஒரு தோடம்பழம், பத்துக் குண்டூசி, நூலில் கட்டிய ஒரு நட்டு போதும். தாங்கியில் நிற்கும் பூகோள உருண்டை வேண்டாம். தாங்கி இருக்கும் பக்கம்தான் ‘கீழ்’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். காந்தமும் வேண்டாம், பூமி காந்தத்தால் இழுக்கிறது என்ற இன்னொரு பிழை மனதில் பதிந்துவிடும்.

முதலில் நட்டைத் தொங்கவிடுங்கள், மேசன்மார் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு இதுதான். நூல் போகும் பக்கம் கீழ், மற்றது மேல். பிறகு பழத்தைச் சுற்றி ஒரே வட்டமாக ஊசிகளை நடுவை நோக்கிக் குத்துங்கள். ஒவ்வோர் ஊசியும் ஓர் ஆள், குண்டுதான் தலை.

இங்கேதான் நான் இடறினேன். அடியில் சரியாக இறங்காத ஓர் ஊசி கழன்று நிலத்தில் விழ, “பாத்தீங்களே, விழுந்திட்டுது” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஊசியை இழுத்தது பழம் இல்லை, எங்கள் வீட்டு நிலத்துக்குக் கீழே இருக்கும் உண்மையான பூமி. ஆகவே இதை முதலே சொல்லிவிடுங்கள்: இந்த விளையாட்டில் பழம்தான் பூமி, வீட்டு நிலம் கணக்கில் இல்லை. பிறகு பழத்தை மெல்ல உருட்டி, ஒவ்வோர் ஊசியாக உச்சிக்குக் கொண்டுவந்து, “இந்த ஆளுக்குக் கீழ் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அவள் விரல் பழத்தின் நடுவைத்தான் காட்டியது. கடைசியில் ஊசி வட்டத்தை ஒட்டிப் பழத்தை வெட்டினால், சைக்கிள் சில்லுக் கம்பிகள் மாதிரி எல்லாம் நடுவைப் பார்த்து நிற்கும்.

காரணம் இதுதான்: பூமியின் ஒவ்வொரு துண்டும் நம்மை இழுக்கிறது, உருண்டை என்பதால் பக்கவாட்டு இழுவைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிட, மிஞ்சுவது 6371 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ள மையத்தை நோக்கிய இழுவை. யாழ்ப்பாணத்துக்கு நேரெதிரே பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடல் இருக்கிறது; அங்கே கப்பலில் நிற்பவரின் உள்ளங்கால் நம் உள்ளங்காலைப் பார்த்திருக்கும், அவருக்கும் வானம் மேலேதான். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இங்கே தூக்குக்குண்டு பிடித்துக் கட்டும் சுவரும் கொழும்பில் கட்டும் சுவரும் சமாந்தரம் இல்லை, இடையில் ஏறத்தாழ 2.7 பாகை சரிவு. இரண்டுமே நேர்ச்சுவர்!

பின்சேர்க்கை: “கிணற்றைத் தோண்டிக்கொண்டே போனால்?” என்று ஒருவர் கேட்டார். சரியாக மையத்தில் எல்லாப் பக்க இழுவையும் சமன், கீழ் என்று ஒன்றே இராது. அதையும் தாண்டித் தோண்டினால், அங்கிருந்து ஏறத்தான் வேண்டும்.