பதின்ம வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சோறு? பார்சல் கட்டுபவளின் கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக் குசினியில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறேன். அலுவலகக்காரர்களும் வாங்குவார்கள், ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் வாங்குவார்கள். தொழில் ரகசியம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்சலின் அளவைத் தீர்மானிப்பது பசி இல்லை, விலை. மீனும் முட்டையும் மரக்கறியும் விலை கூட, அரிசி மலிவு. கொடுத்த காசுக்குப் பார்சல் கனக்க வேண்டுமென்றால் சோற்றைத்தான் அள்ளி வைக்க முடியும்.

அடுத்த முறை பார்சல் வாங்கினால் லஞ்ச் ஷீட்டை விரித்து, சோற்றை மட்டும் தேத்தண்ணிக் கப்பால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்று கப் வரும். ஒரு கப் சோறு ஏறக்குறைய 150 கிராம், 200 கலோரி. அதில் மாச்சத்து 40 கிராமுக்கு மேல். வளரும் பிள்ளைக்கு ஒரு நாளில் 2000 கலோரியோ அதற்கு மேலேயோ தேவைப்படும் என்பதால் மூன்று கப் பெரிய குற்றமில்லை. ஆனால் அத்தனை மாச்சத்தும் ஒரே இருப்பில், பக்கத்தில் ஒரு கரண்டிப் பருப்போடு மட்டும் உள்ளே போவதுதான் சிக்கல். இரத்தத்தில் சீனி சட்டென ஏறும், கணையம் இன்சுலினை அள்ளிச் சுரக்க வேண்டி வரும். தசையும் ஈரலும் சேமித்தது போக மிஞ்சியது கொழுப்பாகும். நம் தெற்காசிய உடம்பில் அது வயிற்றுக்குள்ளேயே தங்கப் பார்க்கும். போதாக்குறைக்கு, பூப்படையும் வயதில் இன்சுலின் இயல்பாகவே கொஞ்சம் மந்தமாக வேலை செய்யும். வளர்ந்து முடியும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த இடைக்காலத்தில்தான் சோற்று மலையும் சோடாவும் சேருகின்றன.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சோற்றுப் பானைக்குள் அகப்பைக்குப் பதிலாக ஒரு கப்பைப் போடுங்கள். சாப்பாட்டுக் கோப்பையில், அதாவது தட்டில், சோற்றைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் பாதிக் கோப்பைக்குப் போஞ்சி, பூசணி, கீரைச் சுண்டல், வல்லாரைச் சம்பல் என்று ஏதாவது. கால் பங்குக்கு மீனோ முட்டையோ கெட்டிப் பருப்போ. மிஞ்சிய இடத்துக்குத்தான் சோறு. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் தம்பி. மரவள்ளியும் ஈரப்பலாவும் அதே குடும்பம்தான். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சீனி ஏறும் வேகமும் குறையும்.

என் மகளுக்கு ஒன்றரைக் கப். பந்து விளையாடும் மகனுக்கு இரண்டு, பயிற்சி நாளில் இன்னும் அரை. இது எங்கள் வீட்டு அளவு, சட்டமில்லை. "இன்னும் பசிக்குது" என்றால் நம்புங்கள். பத்து நிமிடம் கதைத்துக் கொண்டிருந்துவிட்டு, அப்புறமும் பசித்தால் ஒரு அவித்த முட்டையோ தயிரோ அரைக் கப் சோறோ கொடுங்கள். வளரும் பிள்ளையின் கோப்பையைப் பிடுங்கக் கூடாது.

"வயிறு நிரம்பினால் தானே நிறுத்துவான்" என்று என் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் எவ்வளவு வைத்தாலும் பசிக்கு ஏற்றபடிதான் சாப்பிட்டன. ஐந்து வயதுப் பிள்ளைகளோ கூட வைத்தால் கூடச் சாப்பிட்டன. அப்படியிருக்க பதினைந்து வயதுக்காரன் எங்கே நிறுத்தப் போகிறான்?

கொழும்புப் பிள்ளையின் நேர அட்டவணைதான் உண்மையான எதிரி என்பது என் எண்ணம். விடியக் காலையில் பள்ளிக்கூட வான் வந்துவிடும், வெறும் தேத்தண்ணியோடு ஓட்டம். இடைவேளைக்குப் பொரித்த ரோல்ஸ் ஒன்று. மத்தியானம் வந்ததும் கொலைப் பசி. ரியூஷன் முடிந்து இரவு எட்டரைக்குக் காலி வீதியில் கொத்து ரொட்டி. பகலில் தவறிய சாப்பாடெல்லாம் இரவில் ஒரே பொட்டலமாக வருகிறது. ஆகவே இரவை வெட்டுவதற்கு முன் காலையைக் கட்டுங்கள். முட்டையும் பாணும், அல்லது முதல் நாள் இரவே அவித்து வைத்த கடலை. வானுக்குள் இருந்தும் சாப்பிடலாம். கொத்து வாங்கினால் ஒரு ஃபுல்லை இரண்டு பேருக்குப் பிரித்து, ஆளுக்கொரு முட்டை சேருங்கள். ரியூஷனிலிருந்து வீடு வரை நடந்து வந்தால் இன்னும் நல்லது.

சோடா போத்தலில் ஒரு கண் வையுங்கள். இலங்கையில் 2016இல் போத்தல்களுக்கு வந்த வர்ண அடையாளம் 100 மில்லிலீட்டருக்கான சீனியைத்தான் காட்டுகிறது. 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள். "அன்ரி, இது மஞ்சள்தானே" என்று பிள்ளைகள் காட்டுவார்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் 500 மில்லிப் போத்தலில் 50 கிராம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்த்த சீனியில் அதைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் எல்லையே அதுதான்.

பிள்ளையை நிறுத்தி எடை பார்ப்பதும், "குண்டு" என்று கூப்பிடுவதும் வேண்டாம். முக்கியமாகப் பெண்பிள்ளைகள் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ள ஓர் அளவு போதும். இடுப்புச் சுற்று உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும். 160 சென்ரிமீட்டர் உயரத்துக்கு 80க்குக் கீழே.

கழுத்தின் பின்புறம் தோல் தடித்துக் கறுத்திருந்தால் எலுமிச்சங்காயால் தேய்க்காதீர்கள். அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் நெடுநாள் தள்ளிப் போனாலும் வைத்தியரிடம் காட்டி, வெறும் வயிற்றில் இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் மெலிவு என்று சேர்ந்து வந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். அப்போது நாள் குறித்துக் கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.