தகரக் கூரை மாட்டுக்கொட்டகையைப் பழுதின்றிப் பேணும் முறை

கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போட்டவர்களில் பலர், இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்றும் தொல்லை இல்லை என்ற நிம்மதியில் கொட்டகையை ஏறெடுத்துப் பார்ப்பதே இல்லை. கீற்று நைந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். தகரக் கொட்டகையோ மேலே பளபளப்பாக இருக்கும்போதே திருகாணித் துளைகளிலும், தூண்களின் அடியிலும், பற்றவைத்த இடங்களிலும் அரித்துக்கொண்டிருக்கும். நடுத்தகடு தானாக ஓட்டையாவது அரிது. பெரும்பாலும் இணைப்புகள்தான் முதலில் கெடுகின்றன. எனவே ஆண்டுக்கு இருமுறை, ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் வைகாசியிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலும், கொட்டகையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

கூரையின் மேல் ஏறுவதற்குப் பனி காய்ந்த பிறகான நேரமே ஏற்றது. திருகாணிகள் வரிசையாக இருக்கும் கோட்டின் அடியில்தான் குறுக்குச் சட்டம் ஓடுகிறது என்பதால், அந்தக் கோட்டின் மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும். சிமென்ட் ஷீட் கூரையாக இருந்தால் நேரடியாக மிதிக்காமல், சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு நடக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைப்பதும் காய்ந்த நிலையில் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடு தரும் இழைகளைக் கிளப்பிவிடும் என்பதால் அவற்றைச் செய்யவே கூடாது.

ஒவ்வொரு திருகாணியின் தலைக்கு அடியிலும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். வெயிலில் அது ஆண்டுக்கணக்கில் காய்ந்து, விறைத்து, வெடித்துவிட்டால், அந்த வழியாக இறங்கும் நீர் தகட்டையும் அடியிலுள்ள சட்டத்தையும் ஒருசேரத் துருப்பிடிக்க வைக்கும். வெடித்த வாஷர் உள்ள திருகாணியை மறுபடி முடுக்குவதால் பயன் இல்லை. கழற்றிப் புதியது போட வேண்டும். பழைய துளை தளர்ந்திருந்தால், வழக்கமான 5.5 மி.மீ. திருகாணிக்குப் பதில் 6.3 மி.மீ. திருகாணியை ஏற்றினால் பிடிப்புக் கிடைக்கும். வாஷர் தகட்டோடு படிந்து சற்றே அமுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். பலம் என்று நினைத்து மேலும் முறுக்கினால் வாஷர் பிதுங்கிச் சீக்கிரமே வெடித்துவிடும்.

ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கசிவு இருந்தால் சிலிக்கான் பூசலாம். ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வினிகர் வாடை அடிக்கும் வகை, காயும்போது வெளியிடும் அமிலத்தால் துத்தநாகப் பூச்சையே அரிக்கக்கூடியது. வாடை இல்லாத, நியூட்ரல் என்று குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதுபோலவே, தகட்டை வெட்டவோ துளைக்கவோ செய்த நாளிலேயே இரும்புத் தூளை மென்மையான துடைப்பத்தால் முழுவதும் பெருக்கித் தள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் இரவுப் பனியிலேயே அது துருவாகித் தகட்டில் கறைபிடிக்கத் தொடங்கும். கிரைண்டரால் வெட்டினால் ஓரத்திலுள்ள பூச்சு எரிந்துபோகும் என்பதால், தகரக் கத்தரியே மேல். வேப்பிலையும் புளியிலையும் பள்ளங்களில் தங்கி மட்கும்போது அங்கே ஈரம் காய்வதே இல்லை. காற்றுக்குத் தகடு பறக்காமல் இருக்கக் கல்லையும் பழைய டயரையும் கூரைமேல் ஏற்றி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. அவை பூச்சைச் சுரண்டி, அடியில் ஈரத்தைத் தேக்கி, காப்பாற்ற வந்த கூரையையே கெடுத்துவிடும்.

காற்றைத் தாங்க வைக்கும் வழி வேறு. திறந்த பக்கமாக உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கும் என்பதால், விசை முழுவதும் ஓரங்களிலும் முகட்டிலும் வந்து குவிகிறது. இறவாரத்திலும் இரு பக்க ஓரங்களிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் திருகாணி இருந்தால், அங்கே மட்டும் ஒவ்வொரு மேட்டிலும் சேர்த்துவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோவை, உடுமலைப் பக்கத்திலும் இந்தச் செலவுக்குத் தயங்கக் கூடாது.

மாட்டுக்கொட்டகைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கோமியத்திலிருந்து எழும் அமோனியா, மாட்டின் மூச்சு ஈரத்தோடு சேர்ந்து தகட்டின் அடிப்பக்கத்தில் படிந்து, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சை அரிக்கும். ஆகவே கூரையின் அடிப்பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். முகட்டில் காற்றுப்போக்கு இருக்க வேண்டும். மார்கழிக் குளிருக்கு அஞ்சித் தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடுவது மாட்டுக்கும் நல்லதல்ல, கூரைக்கும் நல்லதல்ல. தரை 10 அடி நீளத்துக்கு 2 முதல் 3 அங்குலம் வரை சாய்ந்து வடிகாலில் முடிந்தால் கோமியம் தேங்காது. தரையில் வெடிப்பு விழுந்தால் அது விரலளவு ஆகும்வரை காத்திருக்காமல், சுரண்டிக் கழுவிச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும்.

தூண்களே கொட்டகையின் உயிர்நிலை. கான்கிரீட்டும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் குழியிருந்தால் அங்கேதான் குழாய் முதலில் இற்றுப்போகும். வெளிப்பூச்சுக்கு உள்ளே துரு பரவியிருப்பதைச் சிறு சுத்தியலால் தட்டி, மந்தமான ஒலியைக் கொண்டு அறியலாம். அடிப்பகுதியைச் சுற்றிச் சிமென்டால் கூம்பாகச் சரித்துவிட்டால் நீர் விலகி ஓடும். குழாயின் மேல்வாய் திறந்திருந்தால் மழை உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும் என்பதால், அதை மூடியே ஆக வேண்டும்.

வண்ணம் பூசுவதற்குப் பங்குனி, சித்திரை மாதங்கள் ஏற்றவை. சாதாரண இரும்பில் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் எனாமல் அடிக்கலாம். துத்தநாகம் பூசிய குழாயில் இதே முறையைப் பின்பற்றினால், எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, நாளடைவில் வண்ணம் தோல்தோலாக உரிந்துவரும். அதற்கென விற்கும் எட்ச் பிரைமரை முதலில் பூச வேண்டும். பற்றவைப்பில் துத்தநாகம் எரிந்துபோன இடங்களுக்குத் துத்தநாகம் மிகுந்த பெயின்ட் தனியாகத் தேவை.

சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே போதுமானது, மலிவானதும்கூட. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்புக் குவியலில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். சுவர் காயும்வரை மாடுகளை வெளியே கட்ட வேண்டும்.

யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை இந்தக் கொட்டகையில் வைக்காமல் இருப்பதே நல்லது. அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும், மாடு தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மின்கம்பிகள் எலி கடிக்காதபடி பிவிசி குழாய்க்குள் ஓட வேண்டும். இரும்புச் சட்டகம் முழுவதற்கும் எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவியும் இருக்க வேண்டும். அக்கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, மின்சாரம் நிற்கவில்லை என்றால் அன்றே மின்பணியாளரை அழைத்துவிட வேண்டும்.