மீன் இதயத்தையும் ஆட்டு இதயத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். மீனின் இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் உடலுக்குச் செல்லும் முன் அந்தச் செவுள்களைக் கடந்தாக வேண்டும் என்பதும் அந்தச் சிவப்புக்கு ஒரு காரணம். இதை வீட்டிலேயே கண்ணால் காணலாம்.

ஒரு கிலோ அளவுள்ள கொடுவா மீனை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். ஆட்டின் இதயத்தைக் கீறாமலும், மேலுள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமலும் தரும்படி இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழாய்கள் இல்லாவிட்டால் ரத்தம் சென்ற வழியைத் தேட முடியாது.

மீனை மல்லாத்தி, இரு செவுள்களுக்கும் நடுவே, மார்புத் துடுப்புகளுக்குச் சற்று முன்னால் கத்திரிக்கோலால் மேலாக வெட்டுங்கள். ஆழமாக இறக்கினால் இதயம் கிழிந்துவிடும். மெல்லிய சுவருடைய கருஞ்சிவப்பு ஏட்ரியம் (ரத்தத்தை வாங்கும் அறை), அதைவிடத் தடித்த வெண்ட்ரிக்கிள் (ரத்தத்தைத் தள்ளும் அறை), அதற்கு முன்னால் வெண்ணிறக் குமிழ் ஒன்று தெரியும். குமிழைக் கொழுப்பென்று எண்ணி அகற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து, பின் மெல்லச் சுருங்கி, செவுளின் நுண்குழாய்களுக்கு ரத்தம் சீராகச் செல்ல உதவுவது அதுதான். செவுளில் ஆக்சிஜன் பெற்ற ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலுக்குப் போகிறது. நுண்குழாய்களைக் கடந்ததில் அழுத்தமும் குறைந்துவிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறையே இதயத்தைக் கடப்பதால் இது ஒற்றைச் சுற்றோட்டம்.

ஆட்டு இதயத்தின் கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டுங்கள். இடது வெண்ட்ரிக்கிள் தடித்த சுவருடன் வட்டமாகவும், வலது வெண்ட்ரிக்கிள் மெல்லிய சுவருடன் பிறை போலவும் இருக்கும். வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளுகிறது. நுரையீரலிலிருந்து திரும்பிய ரத்தத்தை இடது பக்கம் உடல் முழுவதற்கும் புதிய அழுத்தத்துடன் அனுப்புகிறது. மனிதரில் இடது பக்கம் எழுப்பும் அழுத்தம் ஏறக்குறைய 120 மி.மீ. பாதரசம்; வலது பக்கம் எழுப்புவது 25 அளவே. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரை விரலால் தடவிப் பாருங்கள், துளை இராது. துளையில்லாததால் ரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் வர வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார்.

மீனின் இதயத்தைக் குறைபட்டதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது தவறு என்பது என் கருத்து. உடற்சூட்டைக் காக்க ஆற்றல் செலவிடாத பெரும்பாலான மீன்களுக்கு அந்தக் குறைந்த அழுத்தமே போதும். சூரை கிடைத்தால் அதையும் வெட்டிப் பாருங்கள்: ஓயாமல் நீந்தும் அந்த மீனுக்கும் ஒரு ஏட்ரியம், ஒரு வெண்ட்ரிக்கிள்தான், ஆனால் வெண்ட்ரிக்கிள் கூம்பு போல் திரண்டு, தடித்த தசையுடன் இருக்கும்.